பொக்ரானுக்கு முன்னால் ஒரு ஜெர்மேனியப் படிகம்

மும்பையின் மாஹிமிலிருந்து கிழக்கே தாராவி, சயான், செம்பூர் என்று போய்க்கொண்டே இருந்தால், தாணே கழிமுகத்தை ஒட்டிய டிராம்பே குன்றடியில் நிலம் முடிகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் இருப்பது அங்கேதான். அதன் இயக்குநராகவும், 1990 முதல் 1993 வரை அணுசக்தி ஆணையத்தின் தலைவராகவும் இருந்த பி.கே. அய்யங்கார் 1931இல் திருநெல்வேலியில் பிறந்தவர். அவர் பெயரைச் சொன்னதும் 1974 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைதான் நினைவுக்கு வரும். அதை முன்னின்று நடத்திய ராஜா ராமண்ணாவுக்குத் துணையாக நின்றவர் என்பதால் அது இயல்புதான். ஆனால், குண்டிலிருந்து பின்னோக்கிப் படித்தால் அவர் வாழ்க்கையில் முக்கியமானது விட்டுப்போகிறது. அணுக்களை ஆராயும் கருவிகளை இங்கேயே கட்டி, அளந்து, அதன் மேல் அறிவியலை வளர்க்கும் பழக்கத்துக்கு டிராம்பேயில் வேர் பிடிக்கவைத்ததே அவருடைய பெரும்பணி. குண்டு அதில் பின்னால் கிளைத்தது.

திருவனந்தபுரத்தில் படித்துவிட்டு 1952இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த அய்யங்கார், சில ஆண்டுகளில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்துக்குப் போய் பெர்ட்ராம் பிராக்ஹவுஸுடன் வேலை செய்தார். திடப்பொருளுக்குள் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதே அங்கே கேள்வி. அணுக்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர் நன்றாகவே காட்டும். ஆனால் அதன் ஆற்றல், அணுக்களின் அதிர்வாற்றலைப் போல லட்சம் மடங்குக்கு மேல். அதிர்வில் பட்டு வரும்போது அதில் ஏற்படும் மாற்றம் மிகமிகச் சிறியது. அன்றைய கருவிகளுக்குப் பிடிபடாது. அணு உலையில் வேகம் தணிக்கப்பட்ட நியூட்ரான் அப்படியல்ல. நொடிக்குச் சுமார் 2,200 மீட்டர் வேகத்தில் வரும் அதன் அலைநீளம் அணுக்களுக்கு இடையிலான தூரத்தோடு ஒத்துப்போகிறது. ஆற்றலும் அதிர்வாற்றலோடு ஒத்துப்போகிறது. படிகத்தில் பட்டுத் தெறித்த நியூட்ரான் எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு ஆற்றலை இழந்தது அல்லது பெற்றது என்று பார்த்தால் உள்ளே நடக்கும் அதிர்வைக் கணக்கிட்டுவிடலாம். ஜெர்மேனியப் படிகத்தை இப்படி அளந்து பிராக்ஹவுஸும் அய்யங்காரும் 1958இல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளங்களில் ஒன்று. நியூட்ரான் நிறமாலையியலை வளர்த்ததற்காக பிராக்ஹவுஸுக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

டிராம்பேயில் 1956 ஆகஸ்டில் அப்சரா உலையும், 1960இல் கனடா உதவியோடு கட்டிய 40 மெகாவாட் சைரஸும் இயங்கத் தொடங்கின. உலை மட்டும் இருந்தால் அறிவியல் நடந்துவிடாது. அதன் சுவரில் உள்ள துளை வழியாக வெளியே வரும் கற்றையைப் பிடித்து, குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட நியூட்ரான்களை மட்டும் பிரித்தெடுத்து, தெறித்தவற்றை ஒவ்வொரு கோணத்திலும் எண்ண வேண்டும். அதற்கான ஸ்பெக்ட்ரோமீட்டர்களை அய்யங்காரின் குழு இங்கேயே கட்டியது. 1960களில் பிலிப்பைன்ஸுக்கும் ஒன்று இங்கிருந்து போனது. அவருக்குப் பின் ஆணையத் தலைவரான ஆர். சிதம்பரமும் நியூட்ரான் கற்றையால் படிகங்களை ஆராய்ந்து உருவானவர் என்பதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் கடைசியில் குண்டுக்குத்தானே பயன்பட்டது என்று கேட்கலாம். பயன்பட்டது, அதை மறைப்பது நேர்மையாகாது. 1972 மேயில் அய்யங்கார் தலைமையில் இயங்கத் தொடங்கிய பூர்ணிமா, புளூட்டோனியம் ஆக்சைடை எரிபொருளாகக் கொண்ட சிறிய உலை. வேக நியூட்ரான்கள் புளூட்டோனியத்தில் எப்படிப் பெருகுகின்றன என்று அதில் கற்றது இரண்டே ஆண்டுகளில் பொக்ரானுக்கு உதவியது. அங்கே வெடித்த புளூட்டோனியமோ, அமைதிப் பணிக்கு மட்டும் என்ற உறுதியின் பேரில் கிடைத்த சைரஸிலிருந்து வந்தது. கனடா கோபித்துக்கொண்டு அணு ஒத்துழைப்பை நிறுத்தியதில் நியாயம் உண்டு. அய்யங்காரை வளர்த்ததும் கனடாவின் ஆய்வகம் என்பதால் அந்த நியாயத்துக்கு இன்னும் கனம் கூடுகிறது.

ஆனால், அந்தத் தனிமையில்தான் பழைய பழக்கம் கைகொடுத்தது. 1985 ஆகஸ்டில் தொடங்கிய 100 மெகாவாட் துருவா உலையில் எரிபொருள் தண்டுகள் அதிர்ந்து தேய்ந்தன. யுரேனியம் கனநீரில் கலந்தது. அப்போது மைய இயக்குநராக இருந்தவர் அய்யங்கார். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, எரிபொருள் அமைப்பை மாற்றி, 1988இல் இங்குள்ளவர்களே உலையை முழுத் திறனுக்குக் கொண்டுவந்தார்கள். துருவாவின் நியூட்ரான் கற்றைகள் பின்னர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. பொக்ரானை மட்டும் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை. எனக்கு அது வருத்தம்.

அளவு என்று வரும்போது அவர் தம் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1974இல் பொக்ரானில் வெடித்தது 12 கிலோடன் என்ற அதிகாரபூர்வக் கணக்கு கூடுதல், 8 முதல் 10 வரைதான் இருக்கும் என்று பின்னாளில் சொன்னார். 1998இன் வெப்ப அணுக்கருச் சோதனையில் இணைவு எரிபொருள் ஒரு பகுதிதான் எரிந்தது என்றும் வாதிட்டார்.

என் வாதத்தோடு இடிக்கும் இடமும் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் அணுக்கரு இணைவு நடக்கிறது என்று 1989இல் அமெரிக்காவிலிருந்து வந்த அறிவிப்பை டிராம்பே உடனே சோதிக்க இறங்கியது. அந்த ஆண்டே ஆய்வுகளைத் தொகுத்து அய்யங்கார் அறிக்கையாக வெளியிட்டார். நியூட்ரானும் ட்ரிட்டியமும் தென்பட்டதாக அது சொன்னது. உலகின் பெரும்பாலான ஆய்வகங்களால் அத்தகைய விளைவுகளை நம்பும்படி திரும்பப் பெற முடியவில்லை. ஆனாலும் 2011 டிசம்பரில் இறக்கும்வரை அவர் அந்த நம்பிக்கையை விடவில்லை. ஜெர்மேனியத்தில் அவ்வளவு நிதானமாக அளந்தவர் இதில் அவசரப்பட்டார் என்றே நினைக்கிறேன். அதையும் சொல்ல இடம் கிடைத்தது, முடிவுகளை அவர் பூட்டிவைக்காமல் அச்சில் கொடுத்ததால்தான்.