நெடுங்காலக் காற்று மாசும் மனித மேல்மரபியலும்: குருதியில் தெரியும் குறிகளை வாசிப்பதிலுள்ள சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

காற்று மாசு, மரபணுவின் எழுத்து வரிசையைத் தொடாமலேயே அதன் இயக்கத்தை மாற்றக்கூடும் என்பதற்கான சான்றுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. எனினும், குருதியில் காணப்படும் ஒரு வேதிக்குறி அண்மையில் சுவாசித்த புகைக்கு உடல் காட்டிய எதிர்வினையா, பல்லாண்டுகள் வாழ்ந்த சூழலின் பதிவா என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. இப்பிரிப்பைச் செய்யாமல் ‘நெடுங்கால விளைவு’ என்று பேசுவது எத்தகைய பிழைகளுக்கு இட்டுச்செல்லும் என்பதை இத்தாலி, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மேல்மரபியல், மெத்திலேற்றம், நுண்துகள், நெடுங்கால வெளிப்பாடு, மேல்மரபியல் கடிகாரம்.

முன்னுரை

‘எபிஜெனிடிக்ஸ்’ என்னும் சொல்லைக் கான்ராட் வாடிங்டன் 1942இல் உருவாக்கினார். ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட உயிரணுக்கள் கல்லீரலாகவும் நரம்பாகவும் தோலாகவும் வேறுபடுவது எங்ஙனம் என்னும் வினாவே அவரது அக்கறையாக இருந்தது. தமிழில் இதற்குப் புறமரபியல், மேல்மரபியல் என இருவகை ஆக்கங்கள் வழங்குகின்றன. ‘புறம்’ என்பது மரபணுவுக்கு வெளியே நிகழும் ஒன்று என்ற மயக்கத்தைத் தருகிறது. இங்கு விவரிக்கப்படும் மாற்றங்களோ டி.என்.ஏ. இழையின் மீதே அமர்பவை. ஆகவே இக்கட்டுரையில் மேல்மரபியல் என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

மேல்மரபியல் குறிகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது மெத்திலேற்றமாகும். டி.என்.ஏ. இழையில் சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் இடங்களில், சைட்டோசின் மீது ஒரு மெத்தில் தொகுதி சென்று இணைகிறது. ஒரு மரபணுவின் முகப்பிலுள்ள ஊக்குவிப்புப் பகுதியில் இக்குறிகள் செறிந்திருப்பின் அம்மரபணு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். குறைந்தால் இயங்குவதற்கு வாய்ப்பு மிகும். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் மாற்றங்களும், நுண் ஆர்.என்.ஏ.க்களும் இத்துறைக்குள் அடங்குவனவே. ஆயினும் பெருந்திரளான மனிதர்களின் சேமித்த குருதியில் எளிதாக அளக்கத்தக்கது மெத்திலேற்றம் என்பதால், மனித ஆய்வுகள் பெரும்பாலும் அதனையே பற்றி நிற்கின்றன. அறிவதற்கு எளிதானதே முதன்மையானது என்று இதற்குப் பொருளில்லை.

துகளிலிருந்து குறி வரை

2.5 மைக்ரான் அல்லது அதனினும் குறைந்த விட்டமுடைய நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லவல்லவை. அவற்றின் மேற்பரப்பில் ஒட்டிய உலோகங்களும் கரிமச் சேர்மங்களும் அங்கே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் அழற்சியையும் தூண்டுகின்றன. இதிலிருந்து மெத்திலேற்றத்துக்குச் செல்லும் வழிகளாக இரண்டு முதன்மையாகப் பேசப்படுகின்றன. ஒன்று, ஆக்சிஜனேற்றத்தால் குவானின் சிதைந்த இடத்தருகே மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் நொதி சரிவரப் பிணைவதில்லை. உயிரணு பிரியும்போது பழைய குறி புதிய இழையில் படியெடுக்கப்படாமல் விடுபடுகிறது. மற்றொன்று, மெத்தில் தொகுதியை வழங்கும் வளர்சிதை மாற்றத்தின் வளங்கள், ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கும் குளூட்டத்தயோன் உருவாக்கத்துக்குத் திருப்பிவிடப்படலாம் என்பதாகும். ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியன இவ்வளர்சிதை மாற்றத்துக்கு இன்றியமையாதவை. எனவே உணவும் இங்கே ஒரு காரணியாக நுழைந்துவிடுகிறது.

பிரேசியாவின் எஃகுத் தொழிலாளர்கள்

இத்துறையின் மையச் சிக்கலை வேறெந்த ஆய்வையும் விடத் தெளிவாகக் காட்டுவது, வட இத்தாலியின் பிரேசியா நகருக்கு அண்மையிலுள்ள மின்உலை எஃகு ஆலையில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான சிறிய ஆய்வாகும். 63 தொழிலாளர்களிடம் வேலை வாரத்தின் முதல் நாளில் ஒரு முறையும், மூன்று நாள் வேலைக்குப் பின் மறுமுறையும் குருதி எடுக்கப்பட்டது. நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும், அழற்சியோடு தொடர்புடைய ஒரு நொதியின் மரபணுவில் ஊக்குவிப்புப் பகுதியின் மெத்திலேற்றம் இந்தச் சில நாள்களுக்குள்ளேயே குறைந்திருந்தது. மரபணுத் தொகுதி எங்கும் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வரும் அலு, லைன்-1 ஆகிய தொடர்களிலோ இக்கால இடைவெளியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் தொழிலாளர்கள் பல்லாண்டுகளாக எதிர்கொண்ட துகள் அளவைக் கணக்கிட்டு ஒப்பிட்டபோது, மிகுதியான மாசுக்கு நெடுங்காலம் உட்பட்டோரிடம் இவ்விரு தொடர்களின் மெத்திலேற்றமும் குறைந்திருப்பது தெரியவந்தது.

ஒரே ஆலை, ஒரே மனிதர்கள், ஒரே குருதி. ஆயினும் ஓரிடம் மூன்று நாளில் அசைகிறது. வேறோரிடம் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேய்கிறது. முன்னதை எதிர்வினை என்றும் பின்னதைப் பதிவு என்றும் கொள்ளலாம். இப்பாகுபாடு எல்லா மக்களிடமும் இவ்வளவு நேர்த்தியாக அமைவதில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அதே 2009இல் பாஸ்டன் பகுதியின் மூத்த ஆண்கள் 718 பேரின் 1,097 குருதி மாதிரிகளைக் கொண்டு வெளியான ஆய்வில், போக்குவரத்தால் எழும் கரித்துகள்கள் கூடிய சில நாள்களுக்குள்ளேயே லைன்-1 மெத்திலேற்றம் குறைந்திருந்தது. பிரேசியாவில் நெடுங்காலப் பதிவாகத் தோன்றிய அதே தொடர், பாஸ்டனில் குறுங்கால எதிர்வினையாகத் தோன்றுகிறது. ஒரே ஒருமுறை எடுத்த குருதியைக் கொண்டு ‘இது நெடுங்கால வெளிப்பாட்டின் விளைவு’ என்று முடிவுகட்டும் ஆய்வுகளை ஐயத்தோடு வாசிக்க இவ்வொரு முரணே போதுமானது.

மாற்றத்தின் அளவும் கருதத்தக்கது. பிரேசியாவில் மூன்று நாளில் நேர்ந்த குறைவு 0.61 விழுக்காட்டுப் புள்ளி மட்டுமே. புகைபிடிப்போரின் குருதியில் ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவின் ஓரிடத்தில் காணப்படும் குறைவோ பத்துப் புள்ளிகளையும் கடக்கக்கூடியது. பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. புகையை விட்டபின் மெல்ல மெல்ல மீள்வது. புகைப்பழக்கத்துக்கு இத்தகைய தெளிவான கைரேகை கிடைத்திருக்க, தெருக் காற்றுக்கு அது இன்னும் கிடைத்திலது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பிறந்த 1,508 குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியை ஒருங்கே ஆராய்ந்து 2017இல் வெளியான பகுப்பாய்வு, கருவுற்ற காலத்து நைட்ரஜன் டை ஆக்சைடு அளவோடு தொடர்புடையனவாக மைட்டோகாண்ட்ரியா சார்ந்த சில மரபணுக்களிலுள்ள இடங்களையே சுட்டியது. மனித மரபணுத் தொகுதியில் மெத்திலேற்றம் நிகழத்தக்க இடங்கள் ஏறத்தாழ 2.8 கோடி. அத்தகைய ஆய்வுகளில் பயன்பட்ட சில்லு பார்ப்பது ஏறத்தாழ 4,50,000 இடங்களை மட்டும். தேடாத இடத்தில் என்ன இருக்கிறது என்பதை இம்முடிவுகள் சொல்லமாட்டா.

குருதி என்னும் கலவை

குருதி ஒரே வகை உயிரணுவால் ஆனதன்று. நியூட்ரோஃபில்கள், லிம்ஃபோசைட்டுகள், மோனோசைட்டுகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மெத்திலேற்றக் கோலம் உண்டு. மாசு அழற்சியைத் தூண்டி நியூட்ரோஃபில்களைப் பெருக்கினால், எந்த ஓர் உயிரணுவிலும் எந்தக் குறியும் மாறாமலேயே மொத்தக் குருதியின் சராசரி மாறிவிடும். மெத்திலேற்றத் தரவிலிருந்தே உயிரணுக்களின் விகிதத்தைக் கணித்துத் திருத்தும் முறை 2012இல் வந்தது. அதற்குப் பிந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் இத்திருத்தத்தைச் செய்கின்றன. ஆனால் இக்கணிப்புக்கு நெடுங்காலம் பரவலாகப் பயன்பட்ட ஒப்பீட்டுத் தரவு, நலமுள்ள 6 சுவீடன் நாட்டு ஆண்களின் குருதியிலிருந்து பெறப்பட்டது. இரத்தச்சோகையும் ஒட்டுண்ணித் தொற்றும் பரவலாகவுள்ள மக்களிடையே, அதுவும் கருவுற்ற பெண்களிடையே, அந்த அளவுகோலை அப்படியே வைப்பது எவ்வளவு பொருந்தும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கடிகாரம் காட்டும் வயது

ஸ்டீவ் ஹார்வத் 2013இல் 353 இடங்களின் மெத்திலேற்றத்தைக் கொண்டு ஒருவரின் வயதைக் கணிக்கும் மேல்மரபியல் கடிகாரத்தை வெளியிட்டார். கணித்த வயது உண்மை வயதை விஞ்சினால் உடல் விரைந்து மூப்படைகிறது என்று கொள்வது வழக்கமாயிற்று. பாஸ்டனின் அதே மூத்தோர் குழுவில் 2016இல் வெளியான ஆய்வு, நெடுங்கால நுண்துகள் அளவு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் கூடினால் இவ்வயது 0.52 ஆண்டு கூடுகிறது என்று கண்டது.

இவ்வெண்ணை அதன் இடத்தைவிட்டுப் பெயர்க்கும்போது என்ன நேர்கிறது என்று பார்க்கலாம். பாஸ்டன் பகுதியில் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராமை ஒட்டியது. இந்தியா 2009இல் வகுத்த ஆண்டுத் தரநிலை 40; உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. இந்தியத் தரநிலையை மீறாத ஒரு நகரத்தில் வாழ்பவர், பாஸ்டன் முதியவரைவிட 30 மைக்ரோகிராம் கூடுதலாகச் சுவாசிக்கிறார். பெருக்கிப் பார்த்தால் அவரது குருதி 15.6 ஆண்டுகள் மூத்திருக்க வேண்டும். இதை யாரும் ஏற்கமாட்டார். பாஸ்டன் ஆய்வில் பிழை இருப்பதாக இதற்குப் பொருளன்று. ஒரு குறுகிய வீச்சுக்குள் கண்ட சாய்வு அவ்வீச்சுக்குரியது. மாசு மிகும்போது விளைவின் ஏற்றம் தணியக்கூடும். துகளின் வேதிக்கூறும் ஊருக்கு ஊர் வேறு. அத்துடன் அக்குழுவினர் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையின ஆண்கள். செய்தித்தாள்களில் ‘மாசால் இத்தனை ஆண்டு மூப்பு’ என்று வரும் தலைப்புகள் இந்தப் பெயர்ப்பைத்தான் ஓசையின்றிச் செய்கின்றன.

தலைமுறை கடக்குமா?

பொதுவெளியில் மிகுதியாகப் பேசப்படுவதும் சான்று மிகக் குறைந்ததும் இப்பகுதியே. கனடாவின் ஹாமில்டன் நகரில் எஃகு ஆலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே வைக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளின் விந்தணு டி.என்.ஏ.வில் மெத்திலேற்றம் மிகுந்திருந்தது. தூய சூழலுக்கு மாற்றிய பின்னும் அது நீடித்தது. அதே இடத்தில் வடிகட்டிய காற்றைச் சுவாசித்த எலிகள் ஒப்பீட்டுக் குழுவாக அமைந்தன. 2008இல் வெளியான இவ்வாய்வு வலுவானது. ஆனால் அது எலியைப் பற்றியது. கருவுற்ற பெண் ஒருவர் புகையைச் சுவாசிக்கும்போது அவரும், கருவும், அக்கருவினுள் உருவாகும் இனவணுக்களும் ஒருங்கே அப்புகைக்கு உட்படுகின்றன. ஆதலால் பேரக்குழந்தையிடம் ஒரு குறி தென்பட்டாலும் அது நேரடி வெளிப்பாட்டின் விளைவாகவே இருக்கக்கூடும். மரபுவழிக் கடத்தல் என்று சொல்ல அதற்கடுத்த தலைமுறையைப் பார்க்க வேண்டும். மேலும் இனவணு உருவாக்கத்தின்போதும் கரு தோன்றும்போதும் பெரும்பாலான மெத்தில் குறிகள் அழித்தெழுதப்படுகின்றன. இவற்றை மறந்து ‘மாசு வம்சத்தையே மாற்றிவிட்டது’ என்று எழுதுவது, தொழிற்சாலைப் பகுதியில் வாழும் ஏழைத் தாய்மாரின் மீது குற்றவுணர்வை ஏற்றுவதில்தான் முடிகிறது.

மீட்சியும் சோதனை வடிவமைப்பும்

மெத்தில் குறி மீளக்கூடியது என்பது உண்மை. 10 தன்னார்வலர்களைக் கொண்டு 2017இல் வெளியான முன்னோட்ட ஆய்வில், கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம் செறிவுள்ள நுண்துகளை இரண்டு மணி நேரம் சுவாசித்ததால் எழுந்த மெத்திலேற்ற மாற்றங்கள், நான்கு வாரம் ஃபோலிக் அமிலம், பி6, பி12 ஆகியவற்றை உட்கொண்ட பின் பெரிதும் தணிந்தன. பத்துப் பேர், இரண்டு மணி நேரம்: இதிலிருந்து மாத்திரை பரிந்துரைக்கு ஓடுவது முறையன்று. காற்றைத் தூய்மைப்படுத்தும் பொறுப்பு அரசிடமிருந்து நழுவி மருந்துக்கடைக்குச் சென்றுவிடும் இடரும் அதில் உண்டு.

இனித் தேவைப்படுவது, வாழ்விடமும் வறுமையும் புகைப்பழக்கமும் மாசோடு பின்னிக் கிடக்கும் முடிச்சை அவிழ்க்கும் வடிவமைப்பு. அதற்கொரு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களிடையே நடந்த வீட்டுக் காற்று மாசுச் சோதனையின் இந்தியக் களம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களே. குலுக்கல் முறையில் ஒரு பாதியினர்க்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் வழங்கப்பட்டன. மறுபாதியினர் விறகு முதலியவற்றையே தொடர்ந்து பயன்படுத்தினர். கருவுற்ற காலத்தில் பெண்கள் சுவாசித்த நுண்துகளின் நடுமதிப்பு விறகுக் குழுவில் 70.7 மைக்ரோகிராமாகவும், எரிவாயுக் குழுவில் 23.9ஆகவும் இருந்தது. ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2022இல் முடிவு வெளியானது. எடையில் தெரியாத ஒன்று மெத்திலேற்றத்தில் தெரியுமா என்பதைச் சோதிக்க இவ்வகைக் குலுக்கல் அமைப்பே தக்கது. ஆனால் அதற்குக் குருதியை ஒருமுறை மட்டும் எடுத்தால் போதாது. அடுப்பு மாறுவதற்கு முன்னும், மாறிய சில நாள்களிலும், ஓராண்டு கழித்தும் எடுக்க வேண்டும். உயிரணுக்களை நேரே எண்ண வேண்டும். ஃபோலேட், பி12 அளவுகளை உடன் அளக்க வேண்டும். சில நாள்களில் மாறிய இடங்களை ஒருபுறமும், ஓராண்டுக்குப் பின்னும் அசையாத இடங்களை மறுபுறமும் பிரித்துப் பட்டியலிட்ட பிறகே நெடுங்காலம் என்னும் அடைமொழியை இத்துறையில் பொருளோடு ஆள இயலும்.