அஷரின் ஆறு நிமிடங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருகுகிற இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி ஏரிப் பக்கம் அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர். 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபுட், வில்லியம் கிங் என்ற இரு புவியியலாளர்கள் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். நான்கு மாதம் முன்பு பல்லாவரத்தில் முதல் கற்கருவி ஃபுட்டின் கையில் சிக்கியிருந்தது.

கற்கோடரி என்பது நீர்த்துளி வடிவக் குவார்ட்சைட் கல். இருபுறமும் மாறி மாறித் தட்டி, சில்லுகளைப் பெயர்த்து, விளிம்பைக் கூராக்கியிருக்கிறார்கள். ஆற்றில் உருண்டால் கல் மழுங்கும். இப்படி வரிசையாகச் செதுக்குப்படாது.

அந்நாளில் பல ஆங்கில பைபிள்களின் ஓரத்திலேயே உலகம் பிறந்த ஆண்டு அச்சாகியிருக்கும்: கி.மு. 4004. பைபிளின் வம்சவரிசைகளையும் பழைய அரசர்களின் காலத்தையும் கூட்டிக் கழித்து, 17ஆம் நூற்றாண்டில் பேராயர் ஜேம்ஸ் அஷர் போட்ட கணக்கு. ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் ஒரு பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். வேதமும் கற்கோடரியும் ஒரே குடும்பத்தில்! அஷரைப் பழிக்க எனக்கு மனமில்லை. உலகின் வயதைக் கணக்கிட முடியும் என்று அவர் நம்பினாரே, அந்தத் துணிவு பெரிது. அவர் கையிலிருந்தவை ஏடுகள் மட்டுமே.

கல்லின் வயதை அளக்கும் வழி ஃபுட் காலத்தில் இல்லை. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அதை அளந்து 2011இல் அறிவித்தார்கள். எப்படி? விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள், அதாவது அதிவேகத் துகள்கள், ஓயாமல் பொழிகின்றன. வெளியே கிடக்கும் கல்லில் அவை மோதும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் பிறக்கும். கல் ஆழத்தில் புதைந்தால் அந்தப் பொழிவு எட்டாது. இருக்கிற அணுக்கள் சிதைந்து குறையும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிவிடும். பெரிலியம் பாதியாக அதைப்போல் இரு மடங்கு காலம் வேண்டும். இப்போது இரண்டும் என்ன விகிதத்தில் எஞ்சியுள்ளன என்று பார்த்தால், கல் எப்போது மண்ணுக்குள் போனது என்று தெரிந்துவிடும். ஆறு கருவிகளில் அளந்தார்கள். சராசரி விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

மண்ணும் சாட்சி சொன்னது. களிமண் படியும்போது அதிலுள்ள காந்தத் துகள்கள் அன்றைய வடக்கு நோக்கித் திரும்பி உறைந்துவிடும். இங்கே அவை தலைகீழாக நின்றன. பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. இந்தக் களிமண் அதற்கும் மூத்தது.

அந்த 15 லட்சம் ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கிப் பாருங்கள். அஷரின் உலகம் முழுவதும் கடைசி ஆறு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகளில் பெரிய கோடரிகள் குறைந்து, நுட்பமான சிறு கருவிகள் வருகின்றன. அந்த மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாக 2018இல் அதே குழு அறிவித்தது. நம் நாள் கணக்கில் அப்போது மாலை மணி ஆறுகூட ஆகவில்லை.