காந்தமே விறகாக

விறகு தீர்ந்தால் அடுப்பு அவியும். விண்மீனுக்கும் அதுவே நியதி. எரிபொருள் தீர்ந்த பெருவிண்மீன் வெடித்தபின் அதன் நடுக்கரு சுருங்கி நியூட்ரான் விண்மீனாக எஞ்சுகிறது. குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எடையோ கதிரவனைக் காட்டிலும் மிகுதி. அவிந்த இவ்வடுப்புகளுட் சில, கதிரவனின் மொத்த ஒளியினும் பன்மடங்கு ஆற்றலை எக்ஸ் கதிர்களாக ஓயாது சொரிகின்றன. இஃது எங்ஙனம்?

காசியோப்பியா மண்டலத்தில் 4யூ 0142+61 என்றொரு பொருள் உளது. (அம்மண்டலத்து ஷெதர், காஃப் எனும் விண்மீன்களின் பெயர்கள் மார்பு, உள்ளங்கை எனப் பொருள்படும் அரபுச் சொற்களின் மருவல்களே.) துணை விண்மீனின் வாயுவை ஈர்த்துச் சூடேறுகிறது எனலாமெனில், அத்தகைய துணை காணப்படவில்லை. சுழற்சியைச் செலவிட்டு ஒளிர்கிறது எனலாமெனில், ஒருமுறை சுழல அதற்கு ஏறத்தாழ 8.7 நொடி ஆகிறது. அச்சுழற்சி தளர்வதால் கிட்டும் ஆற்றலைப்போல் பலநூறு மடங்கு எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது. வரவு சிறிது, செலவு பெரிது!

1992இல் ராபர்ட் டங்கன், கிறிஸ்டோபர் தாம்சன் ஆகிய இருவரும் மிகுகாந்த நியூட்ரான் விண்மீன்கள் இருத்தல் கூடும் என்றனர். புவியின் காந்தப்புலம் அரைக் காஸ் அளவினது. இவற்றினதோ நூறு இலட்சம் கோடி காஸ். உள்ளே முறுக்குண்டு கிடக்கும் அப்புலம் மெல்லச் சிதைகையில் மேலோடு பல இலட்சம் பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர் வீசுகிறது. காந்தமே அங்கு விறகு. 1998இல் கிரிசா குவெலியோட்டு குழுவினர், எஸ்ஜிஆர் 1806-20 என்பதன் சுழற்சி தளரும் வேகத்தை அளந்து, அத்துணை வலிய புலம் உண்டெனக் காட்டினர்.

அதே விண்மீன் 2004 டிசம்பரில் சீறியது. நொடியின் ஐந்திலொரு பங்கிற்குள், கதிரவன் ஓரிலட்சம் ஆண்டுகளில் சொரிவதினும் மிகுந்த ஆற்றல் வெளிப்பட்டது. ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கத்திற்கு ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்தே அக்கதிர் புவியை அடைந்தது. ஆதலின், இரண்டையும் முடிச்சிட்டுப் பேசுதல் பொருந்தாது. பின்வந்தது முன்நிகழ்ந்ததற்குக் காரணமாகுமோ?

எக்ஸ் கதிர் அலைகள் அதிரும் திசையை அளக்கவல்ல ஐக்ஸ்பி செயற்கைக்கோள் 2021இல் ஏவப்பட்டது. 4யூ 0142+61ஐ அது நோக்கியபோது, ஆற்றல் குறைந்த கதிர்களின் அதிர்வுத் திசைக்கும் மிகுந்தவற்றின் திசைக்கும் இடையே 90 பாகை வேறுபாடு இருந்தது. 2022இல் வெளியான ஆய்வு கூறும் விளக்கம் இது: முன்னவை சூடேறிய மேலோட்டிலிருந்து நேரே புறப்பட்டவை, பின்னவை, முறுக்கிய காந்தக் கோடுகளின் வழியே பாயும் மின்னூட்டத் துகள்களால் இடைவழியில் மோதுண்டு ஆற்றல் பெருகியவை.