நிற்கும் நேரத்தில் விழுந்த மோட்டார் சைக்கிள்!

வேகமாக ஓடும்போது நிமிர்ந்து நிற்கும் மோட்டார் சைக்கிள், நிறுத்தப் போகும் நேரத்தில் சாய்ந்து விழுந்து விடுகிறது!

வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "நானும் ஒரு முறை விழுந்தேன்" என்று பலர் சொல்வார்கள். ஆனால் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். காரணம், வெட்கம்!

எனக்கும் அது நேர்ந்தது.

ரெயில்வே கேட் மூடி இருந்தது. வண்டியில் எனக்குப் பின்னால் என் மனைவி. மெதுவாக ஓரத்தில் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்தேன். காலை ஊன்றினேன். கீழே ஜல்லி! கால் வழுக்கியது. வண்டி சாய்ந்தது. இருவரும் தரையில்!

நான் முதலில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? மனைவியை அல்ல. கேட் அருகே நின்ற கூட்டத்தை!

சட்டென்று எழுந்தேன். குனிந்து, ஒரே மூச்சில் வண்டியைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக் கொண்டது.

"உங்களுக்கு அடி பட்டதா?" என்று அவள்தான் கேட்டாள். அவள் முழங்கையில் ரத்தம் கசிவதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் வெட்கம் என்னைச் செய்ய வைத்ததை மறக்க முடியவில்லை.

ஏன் விழுகிறது?

வண்டி வேகமாக ஓடும்போது ஒரு பக்கம் சாய்ந்தால், முன் சக்கரம் அதே பக்கம் தானாகத் திரும்பும். அதனால் வண்டி நிமிர்ந்து விடும். நடக்கும் வேகத்துக்கு வந்து விட்டால் இது நடக்காது. ஓட்டுகிறவர்தான் தாங்க வேண்டும்.

அந்த நேரத்தில் கைப்பிடி திரும்பி இருக்க, முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சாய்ந்து விடும். மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கை லேசாக மிதியுங்கள். கைப்பிடியை நேராக்கி நிறுத்துங்கள். கால் ஊன்றும் இடத்தில் மணலோ, பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

350 சி.சி. புல்லட்டின் எடை சுமார் 195 கிலோ. ஏறக்குறைய எட்டு 25 கிலோ அரிசி மூட்டைகள்! அது நன்றாகச் சாய்ந்து விட்டால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். கால் அடியில் சிக்கக்கூடாது. சைலன்சரும் சுடும்.

தூக்குவது எப்படி?

முதலில் என்ஜினை நிறுத்துங்கள். முடிந்தால் கியரில் போடுங்கள், வண்டி உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால், இடது பக்கம் உள்ள ஸ்டாண்டை முன்பே இறக்கி விடுங்கள். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் விழும்!

வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பு படும்படி குந்துங்கள். ஒரு கையால் கைப்பிடியையும், மறு கையால் சீட்டுக்குக் கீழே உள்ள உறுதியான கம்பியையும் பிடியுங்கள். முதுகை வளைக்காமல், கால் பலத்தால் தள்ளி, சிறு சிறு அடியாகப் பின்னால் நடங்கள். வண்டி எழுந்து விடும்.

முடியவில்லையா? பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அன்று நான் கூப்பிட்டிருந்தால் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள்.

வண்டி நிமிர்ந்ததும் உடனே கிளம்பாதீர்கள். பிரேக், கிளட்ச், கைப்பிடி ஆகியவை சரியாக இருக்கின்றனவா, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பின்னால் இருந்தவரைப் பாருங்கள்.

கேட் திறந்தால் கூட்டம் கலைந்து விடும். உங்களோடு வீட்டுக்கு வருகிறவர் அவர்தான்!