அருவியைப் படமெடுத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இறங்கும் சிற்றாறு, தென்காசி மாவட்டத்துக் குற்றாலத்தில் பேரருவியாய் வீழ்கின்றது. அதனைப் படமெடுப்போர் இருவகையாக எடுப்பர். புகைப்படக் கருவியின் ஷட்டர் என்னும் கதவு, ஒரு நொடியில் 1,000-இல் ஒரு பங்கு நேரமே திறந்து மூடுமாயின், நீர்த்துளிகள் அந்தரத்தில் தனித்தனியே நிற்பனபோல் தோன்றும். அக்கதவு ஒரு நொடி திறந்திருப்பின், துளிகள் சென்ற தடம் முழுவதும் பதிந்து, அருவி வெண்பட்டு விரித்தாற்போல் விளங்கும். அசையாத பாறையோ தெளிவாகவே இருக்கும்.

நெடுநேரம் பதியும் படத்திற்குக் கருவி சிறிதும் அசைதல் ஆகாது. ஆதலின் அதனை முக்காலியின்மேல் பொருத்துவர். பகலொளி மிகுந்து படம் வெளுத்துப் போகாதிருக்க, ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடியை வில்லையின் முன் மாட்டுவர். அதனால், நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கத்தக்க படத்திற்கு ஏறத்தாழ ஒரு நொடி தேவைப்படும்.

பின்னர்க் கணினியில் படத்தைச் செப்பஞ்செய்வர். வில்லையில் தெறித்த நீர்த்துளிகளின் கறையை நீக்கலாம். நிழலில் மங்கிய பாறையைத் துலக்கலாம். ஆயின், எடுக்கும்போதே முற்றும் வெளுத்துவிட்ட நீரின் நுண்ணிய கோடுகளை மீண்டும் பெறுதல் அரிது.

வெண்பட்டுப் போன்ற அருவியைக் கண் காண்பதில்லை. ஆதலின் அப்படம் பொய் என்பாரும் உளர். துளியைக் காட்டும் படமும், துளி சென்ற வழியைக் காட்டும் படமும் மெய்யே. கோடையில் வறண்ட பாறையின்மேல் இல்லாத நீரை வரைந்து சேர்த்து, உள்ளதெனக் காட்டுதலே பொய்யாகும். செப்பஞ்செய்வோர் இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.