வாக்கில்லாதோர் மீதும் விழுந்த பழி

1994 செப்ரெம்பர் 12இல் தெரிவான கியூபெக் தேசிய சபையின் 125 ஆசனங்களில் 77ஐத் தனிநாடு கோரும் பார்ட்டி கியூபெக்குவா வென்றது. லிபரல் கட்சிக்கு 47. வாக்கு விகிதத்திலோ இரண்டும் ஏறத்தாழச் சமம். எஞ்சிய ஓர் ஆசனம் இருபத்துநான்கே வயதான மரியோ டுமோனுக்கு.

முதல்வர் ஜாக் பரிசோ 1995 ஒக்ரோபர் 30இல் நடத்திய சர்வசன வாக்கெடுப்பில் தனிநாட்டுக் கோரிக்கை 54,288 வாக்குகளால் தோற்றது. பணமும் இனக்குழுக்களின் வாக்குமே காரணம் என்றார் அன்றிரவே. பிரஜாவுரிமை பெற்றோரே வாக்களித்தனர்; மொன்றியாலில் அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருந்த எம்மவருக்கு வாக்கே இல்லை. சிறுபான்மையோர் மீது பழி சுமத்தும் பேச்சு நமக்குப் புதிதன்று. ஆனால் மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தவர் பரிசோவே!

பொதுத்தேர்தல் இன்றியே 1996 ஜனவரி 29இல் லூசியன் புஷார் முதல்வரானார். லிபரல் தலைவர் டானியல் ஜோன்சனும் 1998இல் விலக, ஜோன் ஷரே வந்தார். அவ்வாண்டு நவம்பர் 30 தேர்தலில் லிபரல் கட்சி கூடுதல் வாக்குப் பெற்றும் ஆட்சி புஷாரிடமே நிலைத்தது.