பால்குடி மறவாத மனிதன்

தாய்ப்பால் உண்டு வளரும் பிராணி எதுவாயினும், பால்குடி மறந்தபின், பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைப் பகுக்கும் லாக்டேஸ் நொதியைச் சுரப்பதை அதன் சிறுகுடல் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்வதே இயற்கையின் நியதி. மனிதரிலும் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இன்றும் இந்நியதிக்கு உட்பட்டவர்களே. இவர்கள் ஒரு லோட்டாப் பாலை அருந்தினால், செரியாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள கிருமிகளுக்கு விருந்தாகி, வயிற்றை உப்பச் செய்து, பேதியில் கொண்டுபோய் விடுவதுமுண்டு.

செரிக்கும் சக்தி முதலில் வாய்த்தது, அதன்பின்னரே மனிதன் கறவைக்குக் கலயம் ஏந்தினான் என்றுதான் எவரும் அனுமானிப்பர், நடந்ததோ தலைகீழ். துருக்கியில் மர்மரா கடலையொட்டிக் கிடைத்த, கி.மு. 7-ஆம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளில் பால்கொழுப்பு ஊறியிருக்கிறது. ஐரோப்பாவின் ஆதி விவசாயிகள் சிலருடைய எலும்புகளை 2007-இல் சோதித்தபோதோ, பாலைச் செரிக்கும் சக்திக்குரிய மரபணு மாற்றம் ஒன்றில்கூடக் காணப்படவில்லை.

பின் எவ்வாறு உண்டார்கள்? போலந்தின் குயாவியாப் பிரதேசத்தில், 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, சல்லடைபோல் துளைகள் நிறைந்த மண்சில்லுகள் அகப்பட்டன. இவை பாலாடைக்கட்டி வடித்த பாத்திரங்களாக இருக்கலாமென்று பீட்டர் போகுக்கி என்ற தொல்லியல் அறிஞர் 1980-களிலேயே ஊகித்தார். 2012-இல் அச்சில்லுகளில் பால்கொழுப்பு இருப்பது இரசாயன ஆய்வில் தெரிந்து, அவர் ஊகம் வலுப்பெற்றது. கட்டி மேலே தங்க, லாக்டோஸின் பெரும்பகுதி தெளிநீரோடு வடிந்துவிடுமாதலால், குடலுக்கு இயலாததைப் பாண்டம் செய்து கொடுத்தது. பாலென்றால் முகஞ்சுளிக்கும் நம் வீட்டுக் கிழவர் தயிர்சாதத்தை மட்டும் வழித்து உண்பதும் ஏறக்குறைய இந்த இரகசியத்தினாலேதான்: சர்க்கரையில் ஒரு பங்கை உறைமோரின் கிருமிகள் முன்னதாகவே தின்றுவிடுகின்றன.

2002-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், லாக்டேஸ் மரபணுவுக்குள் அன்று, அதன் அண்டை மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதே பாலைச் செரிக்கும் சக்திக்கு அறிகுறியென்று கண்டனர். நம் தேசத்திலும் அதே மாற்றம் உண்டு. வடமேற்கில் மிகுதி, தெற்கே குறைவு. கென்யா, தான்சானியா மேய்ப்பர்களிடமோ வேறோர் எழுத்து தனியே மாறி, அதே பலனைத் தந்திருக்கிறது.

இம்மரபணு மாற்றம் ஏன் பரவிற்று என்பதில் வாதங்கள் பல. பால் மிகுதியாக உண்ட காலங்களில்தான் இம்மாற்றம் வேகமாகப் பரவிற்று என்பதற்கு, ஐரோப்பாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட இடங்களின் பானை ஓடுகளை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. பஞ்சமும் தொற்றுநோயுமே காரணமாயிருக்கலாமென்று அது கருதுகிறது. திடகாத்திரனுக்குப் பேதி ஒருநாள் அவஸ்தை, பட்டினியில் வாடுபவனுக்கோ அதுவே எமன் என்பதை எண்ணினால், எனக்கு இவ்விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

ஆயினும் மங்கோலிய இடையரிடம் இவ்வாதம் சற்றே தடுமாறுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த மரபணு மாற்றம் இல்லை. ஆனாலும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாலையே நம்பி வாழ்ந்து, இன்றும் கோடை வந்தால் குதிரைப்பாலைத் தோற்பையில் ஊற்றி, கடைந்து கடைந்து புளிக்கவைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறார்கள்.